ஒரு மூட்டை நெல்லையும் அரைத்துத் தரும் மில்

வயநாட்டுப் பள்ளத்தாக்குகளில் வாசனை நெல் அறுவடைக்கு வருவது மார்கழி, தை மாதங்களில். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பொழுது சாய்ந்ததும் பனி இறங்கிவிடும். முற்றத்தில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்த நெல்லை மாலையில் கூட்டி மூடாமல் விட்டால், விடியும்போது மேலாக இருக்கும் நெல் தொட்டாலே சில்லென்று ஈரமாக இருக்கும். மறுநாள் வெயிலில் அது திரும்பவும் காய்ந்துவிடும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. மில்லில் கொட்டி அரைக்கும்போதுதான் பாதிக்குப் பாதி நொய்யாக வந்து விழும்.

“என்னண்ணே, இத்தனை நொய்யா வருது, மெஷின் சரியில்லையா?” என்ற கேள்வியைக் கேட்காத கிராமத்து மில்காரர் இருக்க மாட்டார். அவர் மெஷினைக் கழற்றிக் காட்டினாலும் யாரும் நம்புவதில்லை. உண்மையில் அரிசி பெரும்பாலும் மில்லுக்கு வரும் முன்பே உடைந்துவிடுகிறது. சந்தேகம் இருப்பவர்கள் அந்த மூட்டையிலிருந்து ஒரு நெல்லை எடுத்து நகத்தால் உமியை உரித்து, உள்ளே இருக்கும் அரிசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கலாம். குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு தெரியும். சில அரிசிகளில் இரண்டு, மூன்று கோடுகள். அவை விரிசல்கள்.

விரிசலுக்கு வெயில்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்க வேளாண் பொறியாளர் ஓட்டோ குன்ஸே 1960-களில் செய்த சோதனைகள் வேறொன்றைக் காட்டின. நன்றாகக் காய்ந்த அரிசி மறுபடி ஈரக் காற்றில் படும்போதுதான் அதிகமாக வெடிக்கிறது. வெளிப்பகுதி ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. நடுப்பகுதிக்கு ஈரம் போய்ச்சேரச் சில மணி நேரம் ஆகும். அதுவரை உப்பிய வெளிப்பகுதி காய்ந்த நடுப்பகுதியை நீளவாட்டில் இழுக்கிறது. அரிசி அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் குறுக்கே பிளக்கிறது. அறுவடையின்போது நெல்லில் 20 முதல் 24 சதவீதம் வரை ஈரம் இருக்கும். அரைக்க ஏற்ற பதம் 14 சதவீதத்தை ஒட்டியது. 14-க்கு இறங்கிய நெல் இரவில் பனி குடித்து, பகலில் காய்ந்து, மறுபடி பனி குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு மில் வாசலில் குவியும் நொய்யே சாட்சி. சமவெளியில் இந்தத் தொல்லை குறைவு. மலை மாவட்டத்தில் நெல்லின் கதை காலநிலையிலேயே இப்படிச் சிக்கலாகத் தொடங்குகிறது.

வயநாடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,100 மீட்டர் வரை ஏறும் மேட்டுநிலம். குன்றுகளுக்கு நடுவே இருக்கும் தாழ்ந்த, சதுப்பான பள்ளங்கள்தான் நெல்வயல்கள். அங்கே தேங்கி வழியும் நீர் ஓடைகளில் சேர்ந்து கபினிக்குப் போகிறது, கபினி காவிரியில் சேர்கிறது. மேட்டூருக்கு வரும் தண்ணீரில் இந்த வயல்களில் தங்கி வந்த நீருக்கும் ஒரு பங்கு உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டங்களும் இதே நிலத்தின் தொடர்ச்சிதான். குறிச்சியர், முள்ளுக்குறும்பர், வயநாடன் செட்டிகள் ஆகியோர் தலைமுறைகளாக இங்கே நெல் விளைவிக்கிறார்கள். நாற்று நட்டதிலும் அறுத்ததிலும் பணியரின் உழைப்பு மிகப் பெரியது. வெளியன், செந்தாடி, தொண்டி, முள்ளன்கைமா, ஜீரகசாலை, கந்தகசாலை என்று இவர்கள் காத்துவந்த நெல்வகைகளின் பட்டியல் நீளமானது. ஜீரகசாலைக்கும் கந்தகசாலைக்கும் 2010-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல்வகைகளைத் தன் நிலத்தில் பயிரிட்டுக் காத்துவரும் செறுவயல் ராமனுக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் மானந்தவாடி அருகே வாழும் குறிச்சியர்.

நெல்வகைகளைக் காப்பது பற்றிப் பேசும் எல்லோரும் விதையைப் பற்றிப் பேசுகிறார்கள். விதை வங்கி, விதைத் திருவிழா, விதைப் பரிமாற்றம் எல்லாம் தேவைதான். ஆனால் விதைத்தவர் கடைசியில் அதைச் சோறாக்கித் தின்ன வேண்டும். நெல்லுக்கும் சோற்றுக்கும் நடுவே மில் நிற்கிறது. அந்த மில்லுக்குள் எந்த எந்திரம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சுற்றுவட்டார ஊர்களில் எந்த நெல் நிற்கும், எது மறையும் என்பது முடிவாகிறது என்று நான் நினைக்கிறேன். இந்தக் கோணத்தில் நாம் போதிய அளவு யோசித்ததில்லை.

மலையோரச் சிற்றூர்களில் இன்னும் ஓடும் சிறிய மில்களுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஹல்லர். ஒரு வார்ப்பிரும்பு உடல், மேலே நெல் கொட்டும் தொட்டி, பக்கத்தில் மோட்டாரிலிருந்து வரும் பெல்ட். உள்ளே வரிவரியாகப் பள்ளமிட்ட எஃகு உருளை ஒன்று வேகமாகச் சுழல்கிறது. அதன் கீழ்ப்பாதியைச் சுற்றி நீள்துளைகள் கொண்ட சல்லடைத் தகடு. ஓரத்தில் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு இரும்புப் பட்டை. உருளைக்கும் பட்டைக்கும் இடையே நெல் நெருக்குண்டு உமி கழன்று, அந்த உமித்துணுக்குகளோடே உரசி உரசித் தவிடும் நீங்கி, ஒரு முனையில் அரிசி வந்து விழும். பொடியான உமியும் தவிடும் நொய்யும் சல்லடை வழியே கீழே கொட்டும். மில்காரர் விழும் அரிசியை ஒரு கை அள்ளி, ஊதி, பார்த்து, பட்டையைக் கொஞ்சம் முடுக்குவார் அல்லது தளர்த்துவார். அளவுகோல் அவர் கண்ணும் உள்ளங்கையும்தான்.

இந்த எந்திரத்தின் பூர்வீகம் பிரேசில். எவரிஸ்டோ எங்கல்பர்க் என்பவர் காப்பிக்கொட்டையும் நெல்லும் உரிக்க 1880-களில் இதை வடிவமைத்தார். பிறகு அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் ஒரு கம்பெனி அதைத் தயாரித்து உலகமெங்கும் அனுப்பியது. ஆசியாவின் நெல் விளையும் ஊர்களில் அதற்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லி முடியாது. அந்த வரவேற்புக்கு முதல் காரணம் பெண்கள். உரலும் உலக்கையும் கொண்டு ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அரிசியைத் தினம் குத்தி எடுத்தவர்கள் அவர்கள். கைக்குத்தல் அரிசியின் சத்தைப் புகழ்கிறவர்கள் அதைக் குத்திய தோள்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எந்திர நோக்கில் ஹல்லர் மோசமான எந்திரம், அதில் சந்தேகமில்லை. ஒரு நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. தவிடும் முளையும் சேர்ந்து எட்டிலிருந்து பத்து சதவீதம். மிச்சம் எழுபது சதவீதம் வெள்ளரிசி. ஹல்லரில் பச்சை நெல்லைப் போட்டால் நூறு கிலோவுக்கு 53 முதல் 55 கிலோ வரைதான் அரிசி கிடைக்கும், அதிலும் முழு அரிசி குறைவு. நவீன மில்லில் 65 கிலோவுக்கு மேல் எடுக்கலாம். வித்தியாசத்துக்குக் காரணம், உமி நீக்குவதும் தவிடு நீக்குவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை ஹல்லர் அறியாது. இரண்டையும் ஒரே நெருக்கலில் செய்துவிடப் பார்க்கிறது.

நவீன மில்லில் இந்த இரண்டும் தனித்தனி எந்திரங்கள். முதலாவது ரப்பர் உருளைகள். இரண்டு உருளைகள் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன, ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ 25 சதவீதம் வேகமாக. நடுவே அகப்படும் நெல்லின் ஒரு பக்க உமி முந்துகிறது, மறுபக்க உமி பிந்துகிறது. வறுத்த வேர்க்கடலையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துத் தோலைக் கழற்றுவதும் இதே வித்தைதான். உமியைக் காற்றில் ஊதிப் பிரித்துவிட்டு, பழுப்பரிசியை அடுத்த எந்திரத்தில் தேய்த்துத் தவிடு எடுக்கிறார்கள். உமி தனி, தவிடு தனி, நொய் தனி. இதைப் பார்த்துத்தான் அரசும் ஹல்லர்களை ஒழிக்க நினைத்தது. 1958-ல் வந்த அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம், மில்களுக்கு உரிமம் கட்டாயமாக்கியது. கைக்குத்தல் தொழிலைக் காப்பதும் அப்போது ஒரு நோக்கம். காந்தியின் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை 1934-லிருந்து நடத்திய தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா போன்றவர்கள் அதற்காக வாதாடியிருந்தார்கள். பத்தே ஆண்டுகளில், 1968-ல், அதே சட்டம் திருத்தப்பட்டு, மில்கள் நவீன எந்திரங்களுக்கு மாற வேண்டும் என்றானது. 1997-ல் சட்டமே நீக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகும் மலையோர ஊர்களில் ஹல்லர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வெறும் பழமைப்பற்று என்று தள்ளிவிட முடியாது.

ரப்பர் உருளைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி நெல்லின் தடிமனைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு தவறினாலும் ஒன்று உமி போகாது, அல்லது அரிசி உடையும். எனவே ஒரே அளவிலான நெல் வேண்டும். கந்தகசாலை மணி சிறியது, வெளியன் அப்படியல்ல. பெரிய மில்லில் மணிக்கு 2 டன், 4 டன் என்று ஓடும் வரிசை முழுவதும், அதாவது நெல் ஏறும் வாளிகள், தொட்டிகள், சல்லடைகள், பாலிஷ் எந்திரம் எல்லாவற்றிலும் சேர்த்து எப்போதும் சில நூறு கிலோ சரக்கு நிரம்பியிருக்கும். அங்கே ஒரு மூட்டை கந்தகசாலையைக் கொண்டுபோய்க் கொட்டினால் அது எங்கே போனதென்றே தெரியாது; முன்னால் போன நெல்லோடு கலந்து, பின்னால் வரும் நெல்லோடும் கலந்துவிடும். ஒரு விவசாயியின் நெல்லைத் தனியாக அரைக்க வேண்டுமானால் எந்திரத்தை நிறுத்திக் காலிசெய்து துடைக்க வேண்டும். எந்த மில் முதலாளியும் அதைச் செய்ய மாட்டார். சில டன் நெல் ஒரே வகையில் இருந்தால்தான் பேச்சு. அரை ஏக்கரில் ஒரு வகை, கால் ஏக்கரில் இன்னொரு வகை என்று பயிரிடும் மலைக் குடும்பத்தால் அது முடியாது. ஹல்லருக்கோ ஒரு மூட்டை போதும். முடித்ததும் சல்லடையைத் தட்டிவிட்டு அடுத்தவர் நெல்லைக் கொட்டலாம். அவரவர் நெல், அவரவர் அரிசி, அவரவர் தவிடு.

நிறத்தையும் சொல்ல வேண்டும். பெரிய மில்லின் கடைசிக் கட்டத்தில் கலர் சார்ட்டர் என்ற எந்திரம் இருக்கிறது. அருவிபோல் விழும் ஒவ்வோர் அரிசியையும் கேமரா பார்க்கும். வெள்ளையல்லாத ஒன்று தெரிந்தால் நொடிக்குள் ஒரு காற்றுத் தாரை அதை வெளியே தள்ளிவிடும். கல்லையும் பூச்சியரித்த அரிசியையும் நீக்க அருமையான கருவி. வெள்ளரிசிக்கு வைத்த அளவில் அது ஓடும்போது சிவப்பரிசியும் அதன் கண்ணுக்குக் குறையுள்ள பண்டம்தான். நெல்லின் பூர்வ நிறமே சிவப்பு. அரிசியின் மேல்தோலில் நிறமியை உண்டாக்கும் ஆர்.சி. என்ற மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப் போனதால் வந்தது வெள்ளரிசி. 2006-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேகன் ஸ்வீனியும் சூசன் மெக்கௌச்சும் அவர்கள் குழுவினரும் இதைக் கண்டுபிடித்தார்கள். உலகில் இன்று விளையும் வெள்ளரிசி வகைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அதே 14 எழுத்துகள்தான் இல்லை. எங்கோ ஒரு முறை நேர்ந்த பிழையை உழவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த நிறமி இருப்பது மேல்தோலில் என்பதால், அதிகம் தீட்டினால் சிவப்பரிசியும் வெளிறிவிடும். எவ்வளவு தீட்டுவது என்பதை ஹல்லர் மில்லில் நெல்லுக்குச் சொந்தக்காரர் எந்திரத்தின் பக்கத்தில் நின்று சொல்ல முடியும். “போதும், நிறுத்துங்க” என்ற அந்த ஒரு சொல்லுக்குச் சத்துணவு அறிவியலில் இருக்கும் மதிப்பு சாமானியமானதல்ல.

அந்த மதிப்பை உலகம் கற்றுக்கொண்டது பெருந்துயரத்தின் வழியாக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் நீராவி மில்கள் பர்மா, சயாம், ஜாவா எங்கும் வந்தன. பளபளவென்று தீட்டிய வெள்ளரிசி மலிவாகப் பெருகியது. கூடவே கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் வீங்கிச் சாகும் பெரிபெரி நோயும் பெருகியது. ஜாவாவின் படாவியாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வகக் கோழிகளுக்கு அதே போன்ற நோய் வந்து, பிறகு தானாகவே குணமானது அவரை யோசிக்கவைத்தது. மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு தின்ற காலத்தில் கோழிகள் படுத்தன. சமையற்காரர் மாறி, அந்தச் சோறு நின்று, தவிடு நீங்காத அரிசி போட்டதும் எழுந்தன. 1890-களின் நடுவில் ஜாவா சிறைகளின் மருத்துவ ஆய்வாளர் அடால்ஃப் வோர்டர்மான் 101 சிறைகளில் சுமார் 2,80,000 கைதிகளின் விவரங்களைத் திரட்டினார். தீட்டிய அரிசி கொடுத்த சிறைகளில் 39 பேரில் ஒருவருக்குப் பெரிபெரி. தவிட்டோடு அரிசி கொடுத்த சிறைகளில் 10,000 பேரில் ஒருவருக்கு. ஐக்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மலேயாவில் இந்தக் கதைக்குள் தமிழர்கள் வருகிறார்கள். அங்கே சுரங்கங்களில் வேலை பார்த்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. லியோனார்ட் பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. 1905-ல் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஒன்றையும் மறுபாதிக்கு மற்றதையும் கொடுத்துப் பார்த்தார். நோய் பச்சரிசி உண்டவர்களிடையேதான் பரவியது. புழுங்கலரிசிப் பக்கம் புதிதாக யாரும் விழவில்லை. தவிட்டில் இருந்த அந்தப் பொருள் தயமின் என்ற பி1 வைட்டமின். அதைச் செயற்கையாக 1936-ல் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது நெல்லூரில்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது என்ன நடக்கிறது? ஊறும் நீர் உமியையும் தவிட்டையும் கடந்து உள்ளே போகும்போது, நீரில் கரையும் தயமினையும் கூடவே அரிசியின் உட்பகுதிக்குக் கொண்டுபோகிறது. நீராவி படும்போது மாவுச்சத்து இளகிக் கூழாகி, அந்தச் சத்தை அங்கேயே பிடித்துக்கொண்டு இறுகுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் பெரும்பகுதி உள்ளே தங்கிவிடும். பச்சரிசியைத் தீட்டினாலோ தயமினில் முக்கால் பங்குக்கு மேல் தவிட்டோடு போய்விடும். இளகி இறுகும்போது விரிசல்களும் ஒட்டிக்கொள்கின்றன. பனி குடித்துப் பிளந்த நெல்கூட அவித்து அரைத்தால் முழு அரிசியாக வருவது இதனால்தான். முரட்டுத்தனமான ஹல்லரின் நெருக்கலைத் தாங்கும் வலுவையும் புழுக்கல்தான் தருகிறது. இந்த ஆராய்ச்சியில் ஒரு பெரிய பகுதி நடந்தது கூடலூர் இருக்கும் அதே நீலகிரி மாவட்டத்தில், குன்னூரில். 1918-ல் அங்கே பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த வாலஸ் அய்க்ராய்டும் சகாக்களும் 1940-ல் இந்தியாவின் அரிசிப் பிரச்சினை பற்றி விரிவான அறிக்கை எழுதினார்கள். அந்த ஆய்வகம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

ஆனால் கந்தகசாலை போன்ற வாசனை நெல்லைப் புழுக்குவதில் ஒரு நஷ்டம் உண்டு. அந்த மணத்துக்குக் காரணமான 2-அசிட்டைல்-1-பைரோலின் எளிதில் ஆவியாகும் பொருள். 1980-களின் தொடக்கத்தில் ரான் பட்டரியும் சகாக்களும் அதை அடையாளம் கண்டார்கள். நெல்லை வேகவைத்துச் சூடாக உலர்த்தினால் அது குறைந்துபோகும். எனவே வாசனை நெல்லைப் பச்சையாகவே அரைக்க வேண்டும். பச்சையாக அரைத்தால் பனி விரிசல் காட்டிக்கொடுக்கும். ஹல்லரில் போட்டால் இன்னும் உடையும். மலையின் மிக விலை உயர்ந்த நெல்லுக்குத்தான் மிகக் கவனமான உலர்த்தலும் மிக மென்மையான எந்திரமும் தேவைப்படுகின்றன. மாலையில் நெல்லைக் கூட்டி மூடும் ஒரு பழக்கமும், மில்லில் ஓர் ஈரமானியும் இருந்தால் நொய் பெருமளவு குறையும். ஈரமானி ஒன்றும் பெரிய செலவில்லை.

தவிட்டைப் பற்றி ஒரு செய்தி. பச்சரிசித் தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. அரைக்கும் வரை எண்ணெய் ஓர் அறையிலும், அதைச் சிதைக்கும் லைபேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் தனித்தனியாக அமைதியாக இருக்கின்றன. அரைபட்ட நொடியில் இரண்டும் சேர்ந்துவிடும். சில மணி நேரத்திலேயே காறல் தொடங்கிவிடும். எண்ணெய் எடுப்பவர்கள் தவிட்டை உடனடியாகச் சூடாக்கி அந்த நொதியைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். மலைமேல் இருக்கும் சிறு மில்லுக்கு அது கட்டாது. அங்கே தவிடு அன்றைக்கே மாட்டுத்தொட்டிக்கும் கோழிக்கும் போனால்தான் உண்டு. ஹல்லர் தவிட்டில் உமித்தூள் கலந்திருப்பதால் மாட்டுக்கு அது நல்ல தீனியல்ல. உமியில் சிலிக்கா நிறைய, செரிமானமும் ஆகாது. இதுதான் ஹல்லர்மேல் எனக்கிருக்கும் பெரிய வருத்தம். பால்மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு நல்ல தவிட்டைக் கெடுத்துக் கொடுக்கிறது.

உமிக்கு வருவோம். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை வேரால் உறிஞ்சி ஏற்றுகிறது. அதற்கென்றே வேரில் ஒரு வாயில்புரதம் இருப்பதை ஜப்பானில் ஜியான் ஃபெங் மா குழுவினர் 2006-ல் கண்டார்கள். இலையிலும் உமியிலும் அது கண்ணாடிக் கவசம் போலப் படிகிறது. அதனால்தான் நெற்சருகு கையை அறுக்கிறது, மில்லின் எஃகு உருளை சீக்கிரம் தேய்கிறது. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும்; அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. ஒரு கிலோ உமியில் 3,000 கிலோகலோரிக்குக் குறையாத வெப்பம் இருக்கிறது என்றாலும், ஒரு கன மீட்டர் உமி நூறு கிலோவைத் தாண்டினால் அதிகம். லாரியில் ஏற்றினால் எடை நிரம்பும் முன் இடம் நிரம்பிவிடும். கொண்டையூசி வளைவுகளில் இறக்கிச் சமவெளிக்குக் கொண்டுபோவது யாருக்கும் கட்டாது. ஆகவே மலையில் விளைந்த உமி மலையிலேயே செலவாக வேண்டும். சிறு மில்லின் உமி அப்படியே செலவாகிவிடுகிறது. நெல் அவிக்கும் அடுப்புக்கு, கோழிப்பண்ணையில் தரைக்கு, பல்துலக்கும் உமிக்கரிக்கு.

பெரிய மில் வந்தால் கணக்கு மாறுகிறது. ஓரிடத்தில் நாள்தோறும் டன் கணக்கில் உமி குவியும். பாய்லரில் கட்டுப்பாடில்லாமல் எரித்தால் புகையும் கறுப்புச் சாம்பலும் காற்று அடிக்கும் பக்கத்து ஊரில் கிணற்றிலும், காயப்போட்ட துணியிலும், அடுப்பங்கரையிலும் இறங்கும். எரியும் வெப்பம் 700 டிகிரிக்குக் கீழே இருந்தால் சாம்பலிலுள்ள சிலிக்கா ஒழுங்கற்ற வடிவில் இருக்கும். சிமென்ட்டில் கலக்க நல்லது. வெப்பம் மிகவும் அதிகமானால் அது படிகமாகிவிடும். படிகச் சிலிக்காத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தப்பட்டது. நெல் ஊறவைத்த தண்ணீரும் இன்னொரு சுமை. குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைக்கும் பழைய முறையில் அது புளித்து நாறும். சூடான நீரில் சில மணி நேரம் ஊறவைக்கும் முறையை மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950-களில் உருவாக்கியது; நாற்றம் பெரிதும் குறைந்தது. ஆனாலும் அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால் அதிலுள்ள மாவும் சர்க்கரையும் ஓடையின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மலையில் எல்லா ஓடையும் கீழே இருக்கும் யாரோ ஒருவரின் குடிநீர்.

இப்போது வயநாட்டில் நெல்வயல் சுருங்குகிறது. நேந்திரன் வாழை, இஞ்சி, பாக்கு, கட்டடம் என்று வயல் கைமாறுகிறது. 2008-ல் கேரளம் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தும் இந்தப் போக்கு நிற்கவில்லை. வயல் குறைந்தால் பக்கத்து மில்லுக்கு நெல் குறைகிறது. கரன்ட் பில்லும் கூலியும் கட்டாமல் மில் மூடப்படுகிறது. அதன் பிறகு மிஞ்சியிருக்கும் நான்கு குடும்பங்கள் இரண்டு மூட்டை நெல்லை ஜீப் வாடகை கொடுத்து இன்னும் தூரமாக எடுத்துப்போக வேண்டும். அடுத்த வருடம் அவர்களில் இருவர் வாழை வைத்துவிடுவார்கள். இந்தச் சுழலில் விதை வங்கியால் ஒன்றும் செய்ய முடியாது.

இதே சுழலை நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் பார்த்திருக்கிறோம். அங்கே சாமையும் தினையும் பனிவரகும் விளைந்த நிலத்தில், கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பரவியது. மரவள்ளியின் விலை முதல் காரணம். சாமையின் கெட்டியான உமியை உரலில் இடித்து எடுக்கும் பாடு இன்னொரு காரணம். பெண்களே “இது வேண்டாம்” என்று சொல்லும் அளவுக்குப் பாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஊருக்குள்ளேயே சிறிய உமிநீக்கும் எந்திரங்களை நிறுவி, பெண்கள் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தது. இடிக்கும் பாடு போனதும் சாமை மறுபடி சோறாகும் பண்டமானது. மரவள்ளி போய்விடவில்லை, ஆனால் சிறுதானியத்தைத் தின்னவும் விற்கவும் ஒரு வழி மீண்டும் திறந்தது.

நெல்லுக்கும் அந்த வழி இருக்கிறது. சின்ன ரப்பர் உருளையும், உமியை ஊதிப் பிரிக்கும் விசிறியும், தனியே தீட்டும் எந்திரமும் கொண்ட சிறு மில்கள் இன்று சந்தையில் உண்டு. ஒரு மூட்டையைத் தனியாக அரைக்கலாம். இடைவெளியைத் திருகு திருப்பி வகைக்கு ஏற்ப மாற்றலாம். வேண்டுமானால் தீட்டாமல் பழுப்பரிசியாகவே எடுத்துப்போகலாம். தவிடு உமி கலக்காமல் மாட்டுக்குக் கிடைக்கும். ஹல்லரின் நல்ல குணமும் நவீன மில்லின் நல்ல குணமும் இதில் சேர்ந்திருக்கின்றன. இதற்கு மானியம் கொடுக்கத் திட்டமிடுபவர்கள் எந்திரத்தை இறக்கிவைத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடக் கூடாது. ரப்பர் உருளை தேய்ந்துபோகும் பண்டம். தேய்ந்தால் நெல் உமியோடே வெளியே வரும். மாற்று உருளை மானந்தவாடியிலும் கூடலூரிலும் கடையில் கிடைக்கிறதா, அதை மாட்டித் தரத் தெரிந்தவர் அந்த ஊரில் இருக்கிறாரா, இல்லையென்றால் யாருக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்பதை எந்திரம் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். உருளை ஒரு வாரம் கிடைக்காமல் போனால், அறுவடைக் காலத்தில் அந்த ஒரு வாரம் போதும், ஜனங்கள் மறுபடி நெல்லை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள்.